ஹேட்லியின் இடக்கைகள்

1911 ஏப்ரல் 4. அன்றுதான் கோல்டர் கிரீக் நகர வரலாற்றுக் கழகம், ஆம்ப்ரோஸ் ஹேட்லியின் குடும்பத் தாள்களை இருகரம் நீட்டி வாங்கிக்கொண்டு, அவர் படம் செதுக்கிய ஒரு மரக்கட்டையை மட்டும் வேண்டாமென்று ஒதுக்கியது. ஹேட்லியின் மகள் டார்கஸால் அந்த அநியாயத்தைச் செரிக்க முடியவில்லை.

மொன்டானா அமெரிக்க மாநிலமாவதற்கு முன்பே அவ்வூரில் செய்தித்தாள் நடத்தியவர் ஹேட்லி. செய்தியையும் அவரே எழுதுவார். படத்தையும் அவரே வரைந்து மரத்தில் செதுக்கி அச்சிடுவார். ஊர்க் காவல் அதிகாரியான ஷெரீப் சுட்டுக் கொல்லப்பட்ட காலையில், சாளரத்தின் வழியே கண்டதை அப்படியே பென்சிலால் வரைந்தார்: முகத்தைத் துணியால் மறைத்த ஒருவன், கையில் துப்பாக்கி, பின்னால் ஒரு கடையின் பெயர்ப்பலகை. பிற்பகலில் இதழ் வெளிவந்தது. அச்சில் துப்பாக்கி இடக்கையில் இருந்தது. ஊரில் இடக்கைப் பழக்கமுள்ளவன் வண்டியோட்டி லூதர் குவில் ஒருவனே. இருட்டுவதற்குள் அவனை ஆற்றோர மரத்தில் தூக்கிலிட்டு, கல்லறைத் தோட்ட வேலிக்கு வெளியே புதைத்துவிட்டார்கள்.

அதன்பின் ஹேட்லி உளியைத் தொடவில்லை. வீட்டுக் கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். சாகும்வரை கைகளை மட்டுமே வரைந்தார், அத்தனையும் இடக்கைகள்.

கழகத்தார் அவற்றை முன்பே வாங்கி, கலைச்செல்வம் என்று சட்டமிட்டு வாசிப்பறைச் சுவரெங்கும் மாட்டியிருந்தனர். தந்தையின் பழைய சட்டையில் சுற்றிக் கிடந்த கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, டார்கஸ் அக்கைகளின் கீழே அமர்ந்தார். தொப்பியைச் சரிசெய்ய வலக்கையை உயர்த்தினார். எதிர் அலமாரிக் கண்ணாடியிலிருந்த உருவம் இடக்கையை உயர்த்தியது. சிறுமியாக இருந்த தம்மைத் தெருவில் கண்டால் லூதர் இப்படித்தான் தொப்பியைத் தொடுவான் என்பது நினைவுக்கு வர, உயர்த்திய கையைக் கீழே இறக்கினார்.

கழகக் காப்பாளர் வெண்டல் பிரைஸ் எதிரே வந்து அமர்ந்தார்.

"மிஸ் டார்கஸ், நாங்க காகிதந்தான் வாங்குறோம். இது கட்டை."

"அப்பாவோட மூக்குக்கண்ணாடிய வாங்கி வெச்சிருக்கியே வெண்டல், அது என்ன காகிதமா? போ, தாள்களோட வந்த அந்தப் பென்சில் படத்த எடுத்துட்டு வந்து இது பக்கத்துல வை."

வேண்டாவெறுப்பாக வைத்தார். கட்டையில் உள்ளது அச்சில் இடவலம் மாறிவிடும். ஆகவே செதுக்குபவர் முன்கூட்டியே மாற்றி வரைந்துகொள்ள வேண்டும். எழுத்துகளை மாற்றியே பழகிய ஹேட்லியின் கை, கடைப்பலகையைத் தானாகவே மாற்றிவிட்டது. அவசரத்தில் மனிதனை மாற்ற மறந்துவிட்டது. பென்சில் படத்திலும் கட்டையிலும் துப்பாக்கி ஒரே கையில், வலக்கையில் இருந்தது. பலகை சரியாக வாசிக்கப்பட்டதால், அச்சில் மனிதன் மட்டும் இடவலம் மாறியிருப்பதை ஊரார் எவரும் ஐயுறவில்லை.

வெண்டல் குரலைத் தாழ்த்தினார். "ஏதோ அவசரத்துல நடந்துபோச்சு."

"அவசரந்தான். தூக்குல போட்டவங்களுக்கும் அவசரந்தான். அப்புறம் இருபது வருஷம் உயிரோட இருந்தாரே, அப்ப வாயத் தொறக்க என்ன கேடு?"

"அவரு பேர்ல ஒரு தெருவே இருக்கு. பெத்த பொண்ணு நீங்களே மண்ண வாரிப் போடலாமா?"

"லூதர் மேல போட்ட மண்ணு போதாதா? அவன வேலிக்கு உள்ள கொண்டாந்து, பேரு போட்டு ஒரு கல்லு நடணும். அதுக்கு இந்த ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

"சரி, கட்டையக் குடுங்க. முத்திரை வெச்சு அம்பது வருஷம் பூட்டி வெக்கிறோம்."

"அதுவரைக்கும் அவன் கொலைகாரனாவே கெடக்கணுமா? என் படத்தத் திருப்பிக் குடு."

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு, மிஸ் டார்கஸ். இனி அது கழகத்தோட சொத்து."

கட்டையின்றிப் படம் ஊமை. படமின்றிக் கட்டையும் ஊமை. அது டார்கஸுக்குத் தெரிந்தேயிருந்தது. கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியேறினார். பூட்டிக் கிடந்த தந்தையின் அச்சகத்தைத் திறந்து, தெருவைப் பார்த்த சாளரத்தில் அதை நிறுத்தினார். அருகில் ஷெரீப் சுடப்பட்ட நாளின் இதழை ஒட்டினார். 'இதன் பென்சில் படம் கழகத்தில் உள்ளது' என்று ஓர் அட்டையில் எழுதி வைத்தார்.

வெளியே வந்து நின்று பார்த்தார். சாளரக் கண்ணாடியில், தமக்குப் பின்னால் யாரோ தொப்பியைத் தொட்டதுபோல் தெரிந்தது. சட்டென்று திரும்பினார். தெருவில் ஒருவருமில்லை. அது ஹேட்லி தெரு.

லூதர் இன்னும் வேலிக்கு வெளியேதான் கிடக்கிறான். வாசகரே, அவ்வூருக்குப் போங்கள். சாளரத்திலுள்ள கட்டையைப் பாருங்கள். பிறகு வாசிப்பறைக்குச் சென்று பென்சில் படத்தைக் கேளுங்கள். சுவரிலுள்ள கைகளைக் காட்டி உங்களை மயக்கப் பார்ப்பார்கள். மயங்காதீர்கள். அந்தப் படம் மேசைக்கு வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.