பட்டனுக்குப் பன்னிரண்டு கட்டம்

காலர் தைப்பவள் அன்று காலையில் தண்ணீரே குடிக்கவில்லை. ஆறு மணிக்கு அரை டம்ளர் டீ, அதோடு சரி. இருந்தும் பத்து மணிக்கெல்லாம் அடிவயிறு கனக்க ஆரம்பித்துவிட்டது. மிஷினை ஓட்டிக்கொண்டே அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு காலர் முடிப்பதற்குள் மூன்று தடவை பார்த்தாள்.

"மணியையே முறைச்சிட்டிருந்தா அது ஓடிடுமா? தையலைப் பாருடி, கோணலாப் போகுது," என்றாள் அடுத்த மிஷினில் பாக்கெட் தைக்கும் அக்கா.

"கை ஓடலக்கா. இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க."

"உன் பொண்ணுதானே? எமகாதகி. டீச்சருக்கே பாடம் எடுத்துட்டு வருவா பாரு."

அந்த வரிசையில் பதினைந்து பெண்கள், ஒரே ஒரு டோக்கன். உள்ளங்கை அகலச் சிவப்பு பிளாஸ்டிக் வட்டம், நாடாவில் கோத்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாத்ரூமுக்கு எழுந்து போகலாம். எட்டரைக்கு முதல் ஆள் போனால் ஆளுக்குப் பத்து நிமிஷமாகக் கைமாறி வரும். பதினொன்று அடித்ததும் சூப்பர்வைசர் அதை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். அப்புறம் ஒரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில்தான்.

காலர்காரியின் முறை எட்டு நாற்பதுக்கு. அதை அக்காவுக்குக் கொடுத்து அக்காவின் பத்து நாற்பதை வாங்கியிருக்கலாம். ஆனால் எட்டு நாற்பதுக்கு அக்காவுக்கு வராதாம், உடம்பு அப்படி. கடைசி ஆளான லேபிள் ஒட்டும் பெண்ணின் பத்து ஐம்பதுக்குப் போனால் எல்லாம் முடிந்திருக்கும். அவளிடம் பேசி, பஞ்சாயத்து வைத்து, லேபிள்காரி எட்டு நாற்பதுக்கும், காலர்காரி பத்து நாற்பதுக்கும், அக்கா கடைசியாகப் பத்து ஐம்பதுக்கும் என்று முடிவானது. "நேரத்துக்கு வந்துடு. நீ லேட்டாக்கினா நான் செத்தேன்," என்று அக்கா அப்போதே சொல்லிவிட்டாள்.

எல்லாம் பட்டனுக்காக. பட்டன் காலர்காரியின் மகள், இரண்டரை வயது. உருண்டையாக, எங்கே விட்டாலும் உருண்டு தொலைந்துபோவதால் அவள் அப்பன் வைத்த பெயர். தொழிற்சாலை முற்றத்தின் கோடியில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில், இரண்டரை வயதானதும் சின்ன அறையை விட்டுப் பெரிய அறைக்குப் போக வேண்டும். அங்கே இடம் கிடைக்க ஒரு தாள் உண்டு. தாளில் பன்னிரண்டு கட்டம். ஆறு கட்டைகளை அடுக்க வேண்டும், செருப்பைத் தானே போட வேண்டும், ஒரே நிறத்தைச் சேர்க்க வேண்டும், தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும், இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும், மூச்சா வந்தால் தெரிவித்துத் தானே போக வேண்டும், இப்படி. பன்னிரண்டிலும் டிக் விழாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து பட்டன் வீட்டில். பட்டன் வீட்டிலென்றால் காலர்காரியும் வீட்டில்தான். வேலை போச்சு.

தாளைக் கொடுத்த டீச்சர் நல்லவள். "பயப்படாதீங்க. தனியாப் பாடம் நடத்த வேணாம். நீங்க வீட்டுல செய்யற வேலையிலயே அவளையும் சேர்த்துக்கங்க," என்றாள்.

அன்றிலிருந்து ஒரே அறை கொண்ட அந்த வீடு அமர்க்களப்பட்டது. காலி நூல்கண்டுக் குழல்கள் கட்டைகளாயின. பட்டன் ஆறு அடுக்கினாள், எட்டு அடுக்கினாள், ஒன்பதாவது சரிந்ததும் கைதட்டிச் சிரித்தாள். அவள் அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். கடையிலிருந்து பழைய கலர் அட்டையைக் கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டினார். பட்டன் பச்சையைப் பச்சையோடு வைத்தாள். இளம் பச்சையைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"பாத்தியா, பாத்தியா! எங்க கான்ட்ராக்டருக்கே இந்த வித்தியாசம் தெரியாது!" அவருக்குத் தலைகால் புரியவில்லை. மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே ஊர்வலம் போனார்.

மூச்சாதான் உதைத்தது. வந்தால் சொல்ல மாட்டாள், கதவு மூலைக்குப் போய் நின்று காரியத்தை முடித்துவிடுவாள். கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று. அப்போதுதான் காலர்காரிக்கு அந்த யோசனை வந்தது.

"ஏங்க, ஒரு டப்பா மூடியை வட்டமா வெட்டிக் குடுங்களேன். சிவப்பு அடிச்சு."

"எதுக்கு?"

"டோக்கன். பதினஞ்சு பொம்பளைங்க அதை வெச்சுத்தானே நடமாடுறோம். இவளுக்கு வராதா என்ன?"

பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் பட்டனின் உயரத்துக்கு ஓர் ஆணி அடித்து மாட்டினார்கள். வந்தால் இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும், அவ்வளவுதான் பாடம். பட்டனுக்கு ஒரே குஷி. முதல் நாள் சும்மாவே பதினாறு தடவை மாட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் தரை காய்ந்தே கிடந்தது. ஒருநாள் அப்பா விளையாட்டாகத் தானே அதை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட, அவர் வரும்வரை கால்களைப் பின்னிக்கொண்டு கதவருகில் நின்றாள், ஒரு சொட்டு விடாமல்.

"முறைக்குக் காத்திருக்கிறதுக்கும் ஒரு டிக்!" என்று அவர் குதித்தார். காலர்காரியும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து நாற்பது. டோக்கன் கைக்கு வந்ததும் காலர்காரி அதைக் கழுத்தில் மாட்டினாள். பாத்ரூம் இடதுபக்கம். அவள் வலதுபக்கம் திரும்பி, படியிறங்கி, முற்றத்தில் ஓடினாள்.

பெரிய அறையில் பட்டன் பாயின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எதிரே டீச்சர், மடியில் தாள். "வாங்க, வாங்க! பத்துக் கட்டம் முடிஞ்சுது. கப்புல தண்ணி குடிக்கச் சொன்னேன், ஒரு சொட்டு சிந்தாம ரெண்டு கப் குடிச்சா. உங்க பொண்ணு கெட்டிக்காரி!"

காலர்காரி விரல்விட்டு எண்ணினாள். பத்து! இன்னும் இரண்டே இரண்டு. மூச்சா, அப்புறம் சொல் சேர்ப்பது.

பட்டன் எழுந்தாள். டீச்சர் பென்சிலை எடுத்தாள். பட்டன் நேராகப் பாத்ரூம் கதவுவரை போனாள். சுவரைப் பார்த்தாள். ஆணி இல்லை. கதவின் அந்தப் பக்கம் பார்த்தாள், அங்கேயும் இல்லை. அப்படியே நின்றுவிட்டாள். கால்கள் பின்னிக்கொண்டன.

"போ கண்ணு, கதவு திறந்துதானே இருக்கு," என்றாள் டீச்சர்.

பட்டன் நகரவில்லை. கையை மட்டும் நீட்டினாள். காலர்காரி வாயைத் திறக்க, டீச்சர் விரலைக் காட்டினாள். "அம்மா சொல்லித் தரக் கூடாது."

ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. பட்டனின் முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டியது. ஐயோ, இங்கேயே விட்டுவிடுவாளே, எல்லாம் போச்சே! காலர்காரியால் பொறுக்க முடியவில்லை. ஒரே தாவலில் போய் மண்டியிட்டுத் தன் கழுத்திலிருந்த டோக்கனைக் கழற்றி மகளுக்கு மாட்டினாள். பட்டன் சிட்டாய் உள்ளே ஓடினாள். சத்தம் கேட்டது. காலர்காரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன அது?" என்றாள் டீச்சர்.

"டோக்கன், டீச்சர். எங்க வரிசையில இருக்கிற மாதிரி... வீட்டுல அதை வெச்சுத்தான் பழக்கினேன்."

டீச்சருக்கு முகம் ஒருமாதிரி ஆனது. "இங்க அதெல்லாம் வேணாம்மா. வந்தா வந்த உடனே போகட்டும். அடக்கி வைக்கவே கூடாது, உடம்பு கெட்டுப்போயிடும்."

"சரிங்க டீச்சர். இனிமே மாட்ட மாட்டேன். டிக் உண்டுங்களா?"

"தானே போனாளே, உண்டு." பென்சில் அசைந்தது. "இன்னும் ஒண்ணுதான். வந்ததுலேர்ந்து ஒத்தை ஒத்தைச் சொல்லாத்தான் பேசுறா. சேர்த்துச் சொல்லணும்."

பட்டன் ஜட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். டோக்கனைத் தலைவழியாகக் கழற்றினாள், காதில் மாட்டியது, இழுத்து எடுத்தாள். அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா போ," என்றாள்.

"ரெண்டு சொல்லு!" டீச்சர் பாயை விட்டே எழுந்துவிட்டாள். "சேர்த்துச் சொல்லிட்டா! பன்னெண்டும் முடிஞ்சுது!"

காலர்காரி மகளை வாரி எடுத்துக் கன்னம், மூக்கு, நெற்றி என்று முத்தமிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பட்டன் விடவில்லை. டோக்கனை அம்மாவின் கழுத்தில் போட முயன்றபடியே பாத்ரூம் கதவைக் காட்டினாள். "அம்மா போ. அம்மா போ."

கதவு திறந்துதான் இருந்தது. கடிகாரத்தில் பத்து நாற்பத்தொன்பது. அங்கே அக்கா காத்திருப்பாள்.

"அப்புறம் போறேன்டி தங்கம்," என்று அவளை இறக்கிவிட்டு ஓடினாள்.

படியேறும்போதே கையைத் தூக்கிப் பன்னிரண்டு பன்னிரண்டு என்று கத்தினாள். வரிசை முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. லேபிள்காரி மேஜையைத் தட்டினாள். "அங்க என்ன கூத்து?" என்று சூப்பர்வைசர் தலையைத் தூக்க, எல்லோரும் குனிந்துகொண்டார்கள். அக்கா டோக்கனைப் பறித்துக்கொண்டே காலர்காரியின் கன்னத்தைக் கிள்ளினாள். "நான் சொன்னேன்ல, எமகாதகின்னு! ஆமா, நீ போயிட்டுத்தானே வந்தே?"

"நீ முதல்ல போக்கா, மணியாகுது."

அக்கா போய் வந்தாள். பதினொன்று அடித்தது. சூப்பர்வைசர் டோக்கனை வாங்கி டிராயரில் போட்டுச் சாவியைத் திருப்பினார்.

காலர்காரி தனக்குள் சிரித்தபடியே அடுத்த காலரை ஊசிக்கடியில் நுழைத்தாள். கால்கள் தாமாகப் பின்னிக்கொள்ளப் பார்த்தன. பெடலை மிதிக்க ஒரு கால் வேண்டும். பின்னலைப் பிரித்து, வலது காலைப் பெடலில் வைத்து அழுத்தினாள்.