பார்க்காத நாடகம்

பாதி ஆயுசை நாடக மன்றத்தில் கழித்தவள் ஒரு நாடகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? வசனக்கார அக்கா பார்த்ததில்லை. திரை ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்து, நடிகர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. கண் காகிதத்தை விட்டு நகர்ந்தால் மன்றத்தின் மானம் கப்பலேறிவிடும்.

எப்போதும் ராஜா வேஷம் அவள் புருஷனுக்குத்தான். ஹும், அதெல்லாம் ஒரு காலம்! கைதட்டலில் தகரக் கூரை அதிரும். முகப்பவுடர் கலையாமல் இருவரும் நடந்தே வீடு திரும்புவார்கள், எந்த இடத்தில் அவர் சொதப்பினார் என்று வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.

சர்க்கரை வியாதி அவர் பார்வையைப் பறித்துவிட்டது. போன வருஷம் நாடகம் பார்க்க வந்தவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். "யாரு அழறா, யாரு சாகறான்னே தெரியல. இனிமே என்னைக் கூப்பிடாதே." அன்றோடு வாசற்படி தாண்டவில்லை. மனுஷன் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

இந்த வருஷம் மன்றத்தை நடத்தும் பெண் ஒற்றைக்காலில் நின்றாள், ஒருத்தரும் விடுபடக் கூடாது என்று. சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை, காது கேளாதவர்களுக்குச் சைகைமொழிக்காரர், பார்வையில்லாதவர்கள் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. மேடையில் நடப்பதை அந்தக் கருவியில் சொல்லப்போவது அக்கா.

"உங்க குரலைக் கேட்டா அவர் எழுந்து போக மாட்டாருக்கா."

அக்கா அவரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தாள். அவர் நடித்த அதே பழைய நாடகம். திரை உயர்ந்ததும், பழக்க தோஷம், காகிதத்தைப் பார்த்து வசனத்தை முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் ஓடி வந்தாள். "ஐயோ அக்கா, வசனம் அவங்களுக்கே கேக்கும். கண்ணுல படறதைச் சொல்லுங்க!"

அக்கா தலையை நிமிர்த்தினாள். வெளிச்சத்தில் அத்தனை பேரும் அழகாக இருந்தார்கள். "ராஜா கிரீடத்தைக் கழட்டறார். கீழ வைக்க மனசில்ல. மாரோட அணைச்சுக்கறார்... அடடா!"

கடைசிவரை அவர் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் கையைப் பிடித்தார். "சொல்லு. இவன் நல்லாப் பண்ணானா, நான் நல்லாப் பண்ணேனா?"

நீங்கதான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாய் வரவில்லை. "தெரியாதுங்க. உங்களை நான் பார்த்ததே இல்லையே."

"இத்தனை வருஷமாவா?"

"காகிதத்தைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவர் சட்டென்று எழுந்தார். போன வருஷம் மாதிரிக் கிளம்பிவிடுவாரோ என்று அவள் பிடியை இறுக்கினாள்.

"மேடைக்குக் கூட்டிட்டுப் போ."

கொண்டுபோய் நடுவில் நிறுத்திவிட்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அவர் தோளை நிமிர்த்தினார். இல்லாத கிரீடத்தைக் கழற்றினார். வசனத்தை ஆரம்பித்தார், குரல் நடுங்கவில்லை. பாதி வசனத்தில் நின்று, பக்கத்திலிருந்து வரும் குரலுக்காகக் காதைச் சாய்த்தார்.

"என்னடி, எடுத்துக் குடு!"

"சும்மா இருங்க, பார்த்துக்கிட்டிருக்கேன்."