மெஷின் மேடத்தின் வலைப்பூவுக்கு வாசகர்கள் வந்த விதம்

1

என் வலைப்பூவுக்கு யாரும் வரவில்லை. இந்தக் கதை பிறந்ததற்கு அதுதான் காரணம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடங்கி ஐம்பது நாள் ஆகியிருந்தது. வருகை மூன்று என்று காட்டியது. ஒன்று என் கைபேசி, இன்னொன்று என் அலுவலகக் கணினி. மூன்றாவது யார் என்று யோசித்துக்கொண்டே ஒருநாள் அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கப் போனேன்.

அங்கிருந்த பெண் மெஷினைப் பொருத்திவிட்டு, "முதல்ல என்ன கேக்குது?" என்று கேட்டாள். அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "யாரோ பேப்பரைக் கசக்கறாங்க" என்றார். கசக்கியது நான்தான். அவள் அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். எதற்கு எழுதுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது ஒரு தகவலாக முடிந்துபோயிருக்கும்.

வீட்டுக்கு வந்து, என் வலைப்பூவை அதன் வறுமையோடு அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இனி வருவதெல்லாம் கற்பனை.

2

சிறு வயதிலிருந்தே அவளுக்குச் சத்தங்கள் என்றால் ஒரு

[அடித்துவிட்டேன். சிறு வயதிலிருந்தே எவருக்கும் எதுவும் இருப்பதில்லை. கதையில் வரும்போதுதான் அப்படி ஒன்று முளைக்கிறது.]

மழை விட்டிருந்த ஒரு மாலையில்

[மழைக்கு இங்கே வேலை இல்லை.]

காது மெஷின் பொருத்தும் கடை ஒன்று, மருந்துக்கடைக்கும் சாவி போடும் கடைக்கும் நடுவில் இருந்தது. முன்னறையில் நான்கு நாற்காலிகள், உள்ளறையில் ஒரு கணினி. அதற்கும் உள்ளே, பரிசோதனைக்காகக் கண்ணாடிச் சன்னல் வைத்த ஒலி புகாத சிறு அறை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. வருகிறவர்கள் எல்லோரும் அவளை மெஷின் மேடம் என்றுதான் அழைத்தார்கள்.*

* நான் மட்டும் 'அவள்' என்று எழுதுகிறேன். கடையில் அவள் எதிரில் அப்படிப் பேச எனக்குத் தைரியம் வராது.

மெஷின் போட்டதும் முதலில் என்ன கேட்டது என்று எல்லோரிடமும் கேட்டு எழுதி வைப்பது அவள் வழக்கம். ஒரு தையல்காரருக்குத் தன் கத்தரிக்கோலின் சத்தம். ஒரு பள்ளி ஆசிரியை தன் முழங்கால் சொடக்கியதைக் கேட்டு, பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தார். நோட்டு நிறைந்தபோது அவள் ஒரு வலைப்பூ தொடங்கினாள். 'முதல் சத்தம்' என்று பெயர் வைத்தாள். வாரத்துக்கு இரண்டு பதிவு. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

இந்த நிலைமைக்குத் தமிழில் ஒரு பழமொழி இருக்கிறது, சங்கு வரும். தன் கடையில் அதை யாரும் சொல்லக்கூடாது என்பது அவள் கட்டளை. அதனால் நானும் சொல்லவில்லை.

3

திரைச்சீலைத் துணிகளைக் கைபேசி வழியாகவே விற்று நாலு காசு பார்ப்பவள் அவளுடைய நாத்தனார். ஆள் சேர்ப்பதில் கை தேர்ந்தவள். பதிவுகளைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லாத்தான் எழுதறீங்க அண்ணி. ஆனா தலைப்பைப் பாருங்க. 'காது மெழுகும் சில ஐயங்களும்'. யார் உள்ள வருவாங்க?"

"மெழுகு பத்தி எல்லாரும் தப்பாத்தானே நினைச்சிட்டிருக்காங்க?"

"தப்பா நினைச்சிட்டே இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? ஆளைப் பத்தி எழுதுங்க. அடுத்த வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியணும் ஜனங்களுக்கு."

அவள் முதலில் மற்ற வழிகளை எல்லாம் முயன்று பார்த்தாள். குடும்பக் குழுவில் சுட்டியை அனுப்பினாள். பதினான்கு கட்டைவிரல்கள் உயர்ந்தன, ஒருவர்கூடத் திறக்கவில்லை. மற்றவர்களின் வலைப்பூக்களில் போய் 'அருமை, என் பக்கமும் வாருங்கள்' என்று எழுதினாள். தோட்டக்கலைப் பதிவர் ஒருவர் வந்து 'அருமை, என் பக்கமும் வாருங்கள்' என்று எழுதிவிட்டுப் போனார். மேசையில் வலைப்பூவின் முகவரி எழுதிய ஒரு அட்டை வைத்தாள். அதன் பின்புறத்தில் யாரோ மூக்குக்கண்ணாடி எண்ணைக் குறித்துக்கொண்டு கிழித்துப் போனார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒன்பது வாசகர்கள் சேர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் கடையைத் திறந்ததும் அவள் பார்ப்பது அந்த எண்ணைத்தான். யாரிந்த ஒன்பது பேர் என்று யோசிப்பாள். அவர்களில் ஒருவராவது கடைசி வரி வரை வந்திருப்பாரா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது.

4

சர்வேயர் வந்தது அப்போதுதான். நிலம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் மனைவியோடு வந்து இரண்டு காதுக்கும் மெஷின் போட்டுக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்துச் சரிபார்க்கத் தனியாக வந்தார்.

"எப்படி இருக்கு சார்?"

"சுமார்தான். எங்க வீட்ல கேட்டா, சரியா வேலை செய்யலன்னு சொல்லிடுங்க."

அவள் மெஷினைக் கணினியில் இணைத்தாள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போட்டிருக்கிறார்கள் என்பதை அந்த மெஷினே குறித்து வைக்கும். திரையில் வந்த சராசரி, பதினான்கு மணி நேரம்.

"வேலை செய்யாததை யாரும் பதினாலு மணி நேரம் மாட்டிக்க மாட்டாங்க சார்."

சர்வேயர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். எட்டு வருடமாக அவருக்குக் காது மந்தம். அந்த எட்டு வருடத்தில் அவர் மனைவிக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. அவர் இருக்கும் அறையிலேயே, அவர் முதுகுக்குப் பின்னால், மனதில் இருப்பதை வாய்விட்டுப் பேசிக்கொள்வார். காது கேட்காத மனிதனும் அலமாரியும் ஒன்றுதானே. மெஷின் போட்ட மூன்றாம் நாள், துணி மடித்துக்கொண்டே அந்த அம்மாள் சொன்னது இவர் காதில் விழுந்தது. 'அன்னைக்கே போயிருக்கணும். பெட்டியெல்லாம் கட்டியாச்சு. ஏன் போகலன்னு இன்னும் தெரியல.'

"எந்த அன்னைக்கு?" கேட்கக் கூடாது என்று நினைப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"அதான் மேடம் தெரியல. முப்பத்தாறு வருஷத்தை ஒவ்வொரு நாளா எடுத்துப் பாத்துட்டிருக்கேன். எல்லா நாளும் சாதாரணமாத்தான் இருக்கு."

"நேரா கேட்டுடுங்களேன்."

"எங்களுக்குள்ள அப்படிக் கேக்கற பழக்கம் இல்ல. என் காதுல விழுதுன்னு தெரிஞ்சா பேச்சை நிறுத்திடுவா. அப்புறம் மீதி எனக்குத் தெரியாமலே போயிடும்."

[இந்தச் சர்வேயரை நான் நம்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனைவியை ஒட்டுக்கேட்கிற ஆளை வாசகர் மன்னிப்பாரா? பிறகு தோன்றியது, அவர் எட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். அப்படியே விட்டுவிட்டேன்.]

5

அன்று சாயங்காலமே அவள் எழுதினாள். பெயர் இல்லை. சர்வேயர் என்றும் சொல்லவில்லை, 'எதையும் அளந்து பழகியவர்' என்று மட்டும் எழுதினாள். அவள் வைத்த தலைப்பு 'கருவியும் பயன்பாட்டு நேரமும்'. நாத்தனார் அதை 'அவருக்குக் கேட்கிறது, அவளுக்குத் தெரியாது' என்று மாற்றினாள்.

மறுநாள் காலை நாற்பது பேர். மதியம் தொள்ளாயிரம். மூன்றாம் நாள் பதினோராயிரம்.

பின்னூட்டங்கள் குவிந்தன. எந்த அன்னைக்கு? கல்யாணத்துக்கு மறுநாள் என்றார் ஒருவர். மாமியாரோடு சண்டை வந்த அன்று என்று சத்தியம் செய்தார் இன்னொருவர். வேலை மாற்றல் வந்த நாளாக இருக்கும் என்று ஒருவர் நான்கு பத்தி எழுதியிருந்தார். எல்லோரும் கடைசியில் ஒன்றையே கேட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று?

வாடிக்கையாளர் ஒருவரின் காதுக்கு அச்சு எடுத்துக்கொண்டிருக்கும்போது, அவள் மேலங்கிப் பையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அதிர்வும் ஒரு ஆள். அவளுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

[இங்கே அவளைக் கண்டித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். எழுந்துபோய் என் வலைப்பூவின் எண்ணைப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன்.]

சர்வேயர் அடுத்து வரும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று நோட்டில் வரிசையாக எழுதினாள். ஐந்தாவது கேள்விக்கு வந்தபோது பேனா கொஞ்சம் தயங்கியது. இது அவருக்காகக் கேட்கிற கேள்வியா, பதினோராயிரம் பேருக்காகவா? ஆறாவதையும் எழுதினாள்.

6

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்தது சர்வேயர் இல்லை. அவர் மனைவி.

உட்கார்ந்து, பையிலிருந்து கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "என் தங்கச்சி அனுப்பினா. 'படிச்சுப் பாருக்கா, சிரிப்பா இருக்கு'ன்னு. இதை எழுதினது நீங்கதானே?"

[அவள் மறுப்பதாக ஒரு வரைவு வைத்திருக்கிறேன். நன்றாகவே பொய் சொல்லுகிறாள். ஆனால் அந்த வரைவில் கதை அங்கேயே நின்றுவிடுகிறது.]

"நான்தான்மா. தப்பு பண்ணிட்டேன். அவர் என்னை நம்பிச் சொன்னது அது. இப்பவே அழிச்சிடறேன்."

"இருங்க. கீழ இருக்கறதை நான் இன்னும் முழுசாப் படிக்கல."

அந்த அம்மாள் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். அவளுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

"எழுநூறு பேருக்கு மேல இருக்கும் போல. எந்த அன்னைக்கு, எந்த அன்னைக்குன்னு கேட்டிருக்காங்க." கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "பெட்டி கட்டின அன்னைக்கு ஒருத்தர் கேட்டிருந்தா போதும்."

அவள் ஆறு கேள்விகள் எழுதிய நோட்டை மூடி வைத்தாள்.

"இவர் தினமும் எவ்வளவு நேரம் மாட்டியிருக்கார்? இதுல ஏதோ நேரம் தெரியும்னு எழுதியிருக்கீங்களே, நிஜமா எவ்வளவு?"

"அதை அவர்தான்மா சொல்லணும்."

"இப்பத்தான் வாய்க்குப் பூட்டு போடறீங்க," என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. எழப்போனவர் கண்ணாடிச் சன்னலைப் பார்த்து நின்றார். "அது என்ன ரூம்?"

"காது டெஸ்ட் பண்றதும்மா. வெளிச் சத்தம் உள்ள போகாது."

"உள்ள பேசினா வெளிய கேக்காதா?"

"கேக்காது." சொல்லிவிட்டு, அரைகுறையாகச் சொல்லக்கூடாது என்று தோன்றவே தொடர்ந்தாள். "உள்ள ஒரு மைக் இருக்கு. இங்க இந்த சுவிட்சைப் போட்டா எனக்குக் கேக்கும். போடலன்னா கேக்காது."

அந்த அம்மாள் சுவிட்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எட்டு வருஷம், கேக்காதுன்னு நம்பிப் பேசினேன். நிஜமாவே கேக்காத இடத்துல ஒரு தடவை பேசிப் பாக்கணும் போல இருக்கு. கொஞ்ச நேரம் உள்ள உக்காரட்டுமா?"

7

கனத்த கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு உதடுகள் அசைந்தன. ஒரு இடத்தில் விரல்விட்டு எதையோ எண்ணினார். ஒரு இடத்தில் தனக்குத்தானே சிரித்துத் தலையை ஆட்டினார்.

சுவிட்ச் அவள் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. போட்டால் சின்னப் பச்சை விளக்கு எரியும். அது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

ஒரு முடிவில் அவள் போட்டுவிடுகிறாள். அதை எழுதிப் பார்த்தேன். எந்த நாள் என்றுகூட எழுதிவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, அவர் அளவெடுக்க வெளியூர் போயிருந்தபோது, பெட்டியை வாசல் வரை கொண்டுவந்து

[படித்துப் பார்த்தால், பின்னூட்டம் போட்டவர்களில் யாரோ ஒருவர் எழுதியதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டேன்.]

நடந்தது இது. அவள் எழுந்து முன்னறைக்குப் போய், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். கைபேசியைத் திறந்தாள். பதிவை நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம் என்ற எண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இவ்வளவு பேர் இனி எப்போதாவது வருவார்களா என்றும் நினைத்தாள். அழுத்தினாள்.

பத்தொன்பது நிமிடம் கழித்து அந்த அம்மாள் வெளியே வந்தார்.

"காது அடைச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

"அந்த ரூம்ல அப்படித்தான்மா இருக்கும்."

"என் குரலை நான் இவ்வளவு தெளிவாக் கேட்டதே இல்ல." பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "அதுல ரெண்டு பேர் உக்கார முடியுமா?"

"ஒரு நாற்காலிதான் இருக்கு. இன்னொண்ணு போட்டுடலாம்."

8

அந்த வாரம் வலைப்பூவில் திட்டுகள் வந்தன. ஏமாற்றுக்காரி என்றார் ஒருவர். எல்லாம் கட்டுக்கதை என்று முன்பே தெரியும் என்றார் மற்றொருவர். "கையில வந்த கூட்டத்தை விரட்டிட்டீங்களே அண்ணி" என்று நாத்தனார் இரண்டு நாள் பேசவில்லை. கூட்டம் கரைந்து, மிஞ்சியவர்கள் பன்னிரண்டு பேர். அவள் அவர்களுக்காகப் பேட்டரியை ஈரம் படாமல் வைப்பது எப்படி என்று எழுதினாள். ஒருவர், பழைய பேட்டரியை எங்கே போடுவது என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை நான்கு முறை படித்துவிட்டு நீளமாகப் பதில் எழுதினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள். மெஷினைச் சரிசெய்யலாம் வாங்க என்று மட்டும்தான் மனைவி சொல்லியிருக்கிறார். சர்வேயரின் முகத்தைப் பார்த்தால் பாதி புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது. முன்னறை நாற்காலி ஒன்றை அவள் உள்ளே கொண்டுபோய்ப் போட்டாள். இரண்டு நாற்காலி போட்டதில் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும் அளவுக்குத்தான் இடம் மிஞ்சியது.

அறை வாசலில் சர்வேயர் பழக்கதோஷத்தில் மெஷினைக் கழற்றக் கை தூக்கினார். பரிசோதனைக்குப் போகும்போது கழற்றச் சொல்வார்கள். அவர் மனைவி அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"அது இருக்கட்டும்."

கதவைச் சாத்திவிட்டு அவள் முன்னறைக்குப் போய்விட்டாள். அங்கே ஒருவர் பேட்டரி வாங்கக் காத்திருக்கிறார். நானும் அவள் பின்னாலேயே போகிறேன். என் மூன்றாவது வாசகர் யார் என்பதே எனக்கு இன்னும் தெரியாது, அந்த நாள் எது என்பது எங்கே தெரியப்போகிறது?

கண்ணாடிக்கு முன்னால் இப்போது நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். அந்த அம்மாள் பேச ஆரம்பித்துவிட்டார். சுவிட்ச் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கிறது.