கொடையாளி 4117

கருமுட்டைத் தான அலுவலகம் நடத்தும் மார்லீன் லிண்ட்க்விஸ்ட், முட்டை கொடுக்க வரும் பெண்களை 'தேவதைகள்' என்றுதான் அழைப்பாள். தேவதையின் உயரம், கண்ணின் நிறம், பரீட்சை மதிப்பெண் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. அவள் வாயில் வருவது மட்டும் எப்போதும் 'தானம்' என்ற சொல்தான். கோரின் தன் இருபத்திரண்டாம் வயதில் இர்வைன் நகரிலிருந்த இந்த அலுவலகத்துக்கு வந்து மூன்று முறை முட்டை கொடுத்தாள். வயலின் வாசிப்பாள் என்பதால் நல்ல விலைக்குப் போனாள். பெயர் வெளியே தெரியாது, 4117 என்ற எண் மட்டும்தான்.

இப்போது நாற்பத்திரண்டு வயதில், மார்ச் பதினான்காம் தேதி, மருத்துவ அறிக்கையோடு மறுபடியும் வந்திருந்தாள். அவளுக்கு இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய். ஜனவரியில் ஓடிக்கொண்டிருந்தவள் சுருண்டு விழுந்து, தப்பித்ததே பெரிய விஷயம். அவள் முட்டையில் பிறந்த பிள்ளைகளுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"அந்தப் பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் ஒரு கடிதம் போடுங்க. என் பேரு கூட வேணாம். நோயை மட்டும் சொல்லுங்க, போதும்."

"அடடா, தங்கம்!" மார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "ஆனா அது அந்தக் குடும்பங்களோட அந்தரங்கமாச்சே. நாமளா போய்க் கதவைத் தட்ட முடியுமா?"

"பிள்ளை செத்துப்போச்சுன்னா அந்தரங்கத்தை வச்சு என்ன பண்ணுவாங்க?"

"அப்படியெல்லாம் பேசாத கண்ணு. அவங்களைத் தேட மாட்டேன்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்க. நீயா தேடிப் போனா எங்க வக்கீல் பேச வேண்டியிருக்கும்."

மேசைமேல் ஒரு படத்தில் நீச்சல் தொப்பி போட்ட பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கோரினின் பார்வை அதில் விழுந்ததும் மார்லீன் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தரங்கமாம்! கோரினின் குழந்தைப் பருவப் படம், வயலினோடு சேர்த்து, இன்னும் அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே மருந்துக்கடையில் நுழைந்து, எச்சில் துப்பி அனுப்பினால் உறவுகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் மரபணுப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கினாள். குழாயை நிரப்பச் சிரமமாக இருக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. மார்லீனின் முகத்தை நினைத்தாள், எச்சில் தாராளமாகவே வந்தது. இருபது வருடம் மூடி வைத்திருந்த தன் பெயரையும் ஊரையும் நோயையும் அந்தப் பரிசோதனை நிறுவனத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்தாள். வக்கீல் வந்தால் வரட்டும்.

மே மாதம் வந்த முடிவில் ஒன்பது பிள்ளைகளின் மரபணு அவளுடையதோடு பொருந்தியது. ஒன்பது பேருக்கும் எழுதினாள். எட்டுப் பேர் பதறிப்போய்ப் பதில் போட்டார்கள். இதுவரை அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கடைசியாக வந்தது பெய்ஜ் லிண்ட்க்விஸ்ட் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணின் கடிதம். பெயருக்குப் பக்கத்திலிருந்த படத்தில், மார்லீனின் மேசைமேல் பார்த்த அதே நீச்சல் தொப்பி.

"கவலைப்படாதீங்க, எனக்கு மார்ச் பதினஞ்சாம் தேதியே டெஸ்ட் எடுத்தாச்சு. அம்மாதான் திடீர்னு வகுப்புல இருந்து கூட்டிட்டுப் போனாங்க. எனக்கும் அந்த நோய் இருக்கு. நீச்சலை விட்டுட்டு மாத்திரை சாப்பிடறேன். எங்கம்மா வேலையே இதுதானே, மத்த பிள்ளைங்களுக்கும் அப்பவே சொல்லியிருப்பாங்க, இல்ல?"

கோரின் ஒரே ஒரு சொல் எழுதினாள்: "இல்லை."