சிவப்பு அம்பு

தலைமை ஆசிரியர் வேதாசலம் வேலூரில் ஐந்து நாள் தலைமைப்பண்புப் பயிற்சியை முடித்துவிட்டு வந்த திங்கட்கிழமையே பள்ளிக்குச் சனி பிடித்தது. போகும்போது வெறும் வேதாசலமாகப் போனவர், கழுத்தில் அடையாள அட்டையும் வாயில் ‘விஷன்’ என்ற சொல்லுமாக வந்து இறங்கினார். பயிற்சியின் நான்காம் நாள் ஒரு ஷூ கம்பெனியைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். அங்கே மேனேஜர் சும்மா நடந்து போனாலே ஷூ தைக்கிற லைன் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்ததாம். அதைப் பார்த்ததிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“வகுப்பறையும் ஒரு லைன்தான். லீடர் சரியா இருந்தா பீஸ் சரியா வரும்” என்று ஆசிரியர் கூட்டத்தில் முழங்கினார்.

ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியை சங்கீதா கொட்டாவியை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். இந்த ஆள் சாக்பீஸைத் தொட்டு ஆறு வருஷம் இருக்கும். முழுதாக ஒரு பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு வகுப்பின் நாற்பது பிள்ளைகளும் கோணல்.

அவள் கவலை வேறு. அவள் வகுப்பில் ஆறு பேருக்கு எழுத்துக்கூட்டவே வராது. ஜூன் மாதத்திலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர்களை வராந்தாவில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து வந்தாள். அதில் மெர்சி இப்போதுதான் தேறி வந்தாள். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் ‘நாட்றம்பள்ளி’ என்று பஸ் பலகையை ஒரே மூச்சில் படித்துவிட்டு, படித்தது தான்தானா என்று திருதிருவென்று விழித்தாள். அன்று சங்கீதா ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள். இன்னும் மூன்று மாதம் விட்டால் ஆறில் நாலு பேரையாவது கரையேற்றிவிடலாம் என்று நம்பினாள்.

அதனால்தான் வேதாசலம், “மெதுவா படிக்கிற பசங்க லிஸ்ட் குடுங்கம்மா, கொஞ்சம் ஸ்பெஷலா பாக்கணும்” என்று கேட்டபோது, தனி பீரியட் கிடைக்கும் என்ற ஆசையில் அங்கேயே ஒரு தாளில் ஆறு பெயரையும் எழுதி நீட்டினாள். எதற்கென்று கேட்கவில்லை.

மறுநாள் பிரேயரில் அந்த ஆறு பேரையும் மேடைக்கு அழைத்து, ஒவ்வொருவர் நோட்டிலும் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினார் வேதாசலம். “இது அவமானம் இல்ல, கவனம்!” என்று மைக்கில் விளக்கம் வேறு. கம்பெனியில் பார்த்ததை பஜாரில் தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறார். ஷூவின் தோலில் எங்கே பிசகோ அங்கே அந்த அம்பை ஒட்டி, அந்தப் பீஸைத் தனியே ஒதுக்கிப் போடுவார்கள். பிரேயரில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் அந்த மாதிரி லைனில் வேலை செய்கிறவர்கள்.

“ரிஜெக்ட்டு!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிள்ளைகள் உற்சாகமாகிவிட்டார்கள் என்று நினைத்து வேதாசலம் பெருமையாகத் தலையசைத்தார். ஓடிப்போய் அதையெல்லாம் பிய்த்தெறிந்திருக்கலாம் சங்கீதா. மெமோ கொடுத்துவிடுவாரோ என்று பயந்து ஓரமாக நின்றுவிட்டாள்.

அடுத்த நாள் ஆறு பேரில் இரண்டு பேர்தான் வந்தார்கள். மெர்சி வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேரே தலைமை ஆசிரியர் அறைக்கு வந்தாள் மெர்சியின் அம்மா அமிர்தவள்ளி. பதினாறு வருஷமாகச் செக்கிங் வேலை பார்க்கிறவள். கையெழுத்துப் போட வந்த சங்கீதாவும் அங்கே இருந்தாள்.

“நானும் தெனம் இதத்தான் ஒட்றேன் சார்” என்று மகளின் நோட்டை மேஜைமேல் வைத்தாள் அமிர்தவள்ளி. “ஆனா ஒரே லைன்ல ஆறு பீஸ் கெட்டுப்போச்சுன்னா பீஸை யாரும் திட்ட மாட்டோம். சூப்பர்வைசர கூப்ட்டு, இன்னாயா பண்ணினு இருந்தன்னு கேப்போம்.”

ஐந்து நாள் பயிற்சியில் ஒரு வார்த்தைகூட வேதாசலத்தின் உதவிக்கு வரவில்லை. ஆனால் விரல் மட்டும் சட்டென்று சங்கீதா பக்கம் நீண்டது.

“லிஸ்ட் நான் போடலம்மா. மேடம்தான் எழுதிக் குடுத்தாங்க.”

தூ என்றிருந்தது சங்கீதாவுக்கு. இவரெல்லாம் ஒரு தலைவர்! ஆனாலும் அவர் சொன்னதில் பொய் இல்லையே.

“ஆமாம்மா, நான்தான் எழுதினேன். எதுக்குன்னு கேக்காம குடுத்துட்டேன். மெர்சிய அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்.”

அமிர்தவள்ளி அவளை நிதானமாகப் பார்த்தாள்.

“வேணாம் டீச்சர். வீட்ல குந்திக்கினு ஷூ தைக்கட்டும். சாரு ஒட்டுனதுக்குக் கூட அவ அழுவல, அவரு எப்பவும் அப்பிடித்தாம்மான்னு சிரிச்சா. அப்பறம் அந்த லிஸ்ட்ட நோட்டீஸ் போர்டுல குத்தி வெச்சிருந்தாங்களாம். உங்க எழுத்துன்னு பாத்ததும் ஆசையா நின்னு படிச்சிருக்கா. ஆறு பேரையும் தப்பில்லாம படிச்சிட்டேம்மான்னு சொல்லிட்டுத்தான் அழுதா.”