பதிமூன்று வாரம் ஒரே இளவரசன்

கோட்டாற்றில் நாவல்களை வாடகைக்குக் கொடுக்கும் பக்கீர் முகம்மதுக்குப் பகவதி தரவேண்டிய வாடகைக் காசு பதிமூன்று சக்கரம். ஒரே காதல் கதையைப் பதிமூன்று வாரமாக வைத்துக்கொண்டு, அதிலுள்ள இளவரசனிடமே கிறங்கிக் கிடந்தாள். கல்லுடைத்து வரும் புருஷன் முத்துநாயகத்துக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஓலை முடைந்துகொண்டிருந்தவள், "எழுத்துக் கூட்டப் படிச்சாச்சுல்லா? நீரு வாசியும், கேப்போம்" என்றாள்.

அவன் விரல் வைத்து வாசித்தான். "இளவரசன் குதிரையை விட்டு இறங்கினான். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஒரு கால் நொண்டி."

"அப்பிடி அதுல இல்லியே!"

"எனக்க கண்ணுக்கு இருக்கு, ஏட்டி."

அவள் கை நின்றது. கண் கலங்கிவிட்டது. "நொண்டிக்கிட்டேயா அவளத் தேடி வந்தான்? பாவம்! முன்னத்தவிட இப்பந்தான் ஆளு கொள்ளாம், மனசுக்குப் பிடிச்சிருக்கு. மேல வாசியும்."

அவன் புத்தகத்தைப் பட்டென்று மூடினான். மறுநாள் கூலி வாங்கிய கையோடு கோட்டாற்றுக்கு நடந்து, பதிமூன்று சக்கரத்தையும் இளவரசனையும் பக்கீர் முகம்மதிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மூச்சுவிட்டான்.