சர்வர்ல ஒண்ணும் இல்ல

என் அக்கா வீட்டுக்காரரை ஆபீஸில் எல்லாரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரோரம், கூரை மேல், ஆள் நுழைய முடியாத சந்து என்று எங்கே பார்த்தாலும் கேபிளோடு ஊர்ந்துகொண்டிருப்பார். பதினாறு வருஷம் ஒரே பிராட்பேண்ட் கம்பெனியில் வீடு வீடாகப் போய் இணைப்புக் கொடுத்த மனுஷன். எனக்கு அத்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்காவும் அவரும்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். படிப்பு முடிந்த மறுவாரமே மேனேஜரிடம் போய், "கொழுந்தியா ஒருத்தி இருக்கா, கம்ப்யூட்டர்ல புலி. ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிப் பாருங்க" என்று சொன்னதும் அவர்தான். நான் வேலையில் சேர்ந்து அஞ்சாவது வருஷம் சர்வர் அறைக்குப் பொறுப்பு எடுத்தபோது, என்னை விட அவர்தான் அதிகம் குதித்தார். "நான் வெயில்ல ஏணி தூக்குறேன். இவ ஏசியில உட்கார்ந்துக்கிட்டு ஊர்ல இருக்கிற மோடத்தை எல்லாம் மேய்க்கிறா" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

அவர் சொன்னது சரிதான். என் வேலை மேய்க்கிற வேலைதான். வாடிக்கையாளர் வீட்டு மோடம் புதிதாக உயிர் பெற்றதும் எங்கள் சர்வரைத் தேடி வரும். நான் இன்ன மாடல், என் நம்பர் இது என்று சொல்லும். சர்வர் அது யார் வீட்டு மோடம் என்று பார்த்து, வேகம், வைஃபை பெயர், வீட்டு டெலிபோன் லைன் எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பிவைக்கும். எந்த மாடலுக்கு எதை அனுப்ப வேண்டும் என்று ரூல் எழுதுகிறவள் நான். முன்பு இதையெல்லாம் டெக்னீஷியன்கள் லேப்டாப்பைத் திறந்து கையால் போட்டார்கள். புது சர்வர் வந்ததும் அந்த வேலை அவர்களுக்குத் தேவையில்லாமல் போனது. ஆனால் மோடம் சர்வரைத் தேடி வர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அத்தானுக்கு அதுவரை பொறுமை கிடையாது. பழைய பழக்கத்தில் அவரே கையால் போட்டு, டெலிபோனை எடுத்து ஒரு நம்பரைச் சுற்றிப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவார்.

புது சர்வர் வந்த இரண்டாவது மாசம் புகார்கள் ஆரம்பித்தன. எல்லாம் ஒரே மாதிரி. டெக்னீஷியன் வந்தார், இன்டர்நெட் சரியாச்சு, டெலிபோன் போச்சு. அதில் முக்கால்வாசி அத்தான் பார்க்கிற பகுதியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அத்தான் பேச்செடுத்தார்.

"நான் வச்சிட்டு வர்றதை யாரோ மாத்துறாங்கம்மா. நான் இருக்கிறப்ப லைன் நல்லா இருக்கு. அந்தப் பக்கம் போனதும் செத்துப் போகுது. உன் சர்வரைக் கொஞ்சம் பாரேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாலு மாசம் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய ரூல்கள் அவை.

"சர்வர் ஆள் பார்த்தா வேலை செய்யும்? மத்த ஏரியாவுல எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு. நீங்க கையால போடுறதை முதல்ல நிறுத்துங்க அத்தான். அதுதான் குழப்பம்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அத்தான் சிரித்துக்கொண்டே, "சரிங்க இன்ஜினியரம்மா" என்று தட்டை நகர்த்தினார்.

மறுநாள் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். இரண்டு வீட்டு லாக்கை, சர்வர் தானாக எழுதி வைக்கிற பதிவை, எடுத்தேன். செட்டிங் அனுப்பியாச்சு, மோடம் வாங்கிக்கொண்டது என்று பச்சையில் இருந்தது. மூடிவிட்டேன். மொத்தம் நாலு நிமிஷம் பார்த்திருப்பேன்.

அடுத்த வாரம்தான் தையல் டீச்சர் விழுந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தனியாக ஒரு மாடி வீட்டில் இருந்தவர். அத்தான் முந்தின நாள் அங்கே போய் மோடத்தை ரீசெட் செய்துவிட்டு வந்திருந்தார். காலை பத்து மணிக்கு டீச்சர் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. செல்போன் சமையல் மேடை மேல். அவரால் ஊர்ந்துபோக முடிந்தது கட்டிலோர முக்காலி வரைக்கும்தான். அதன் மேல்தான் டெலிபோன். எடுத்துக் காதில் வைத்தார். சத்தமே இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ரவிக்கை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டுகிற வரை அந்த முக்காலிக் காலைப் பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறார்.

மேனேஜர் விசாரணை வைத்தார். நீள மேஜை, சுற்றிலும் ஆபீஸ் ஆட்கள். ஒரு பக்கம் அத்தான், எதிர்ப்பக்கம் நான்.

"டெலிபோனை டெஸ்ட் பண்ணாமலே கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டார் மேனேஜர்.

"டெஸ்ட் பண்ணினேன் சார். அந்த அம்மாவே அவங்க மக கிட்ட பேசினாங்க."

"அவங்க அப்படிச் சொல்லலையே."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. சர்வர் பக்கம் ஏதாவது?"

அத்தான் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை கிடையாது. வீட்டில் உப்பு டப்பாவை நகர்த்தச் சொல்லுகிற மாதிரி, நம்பிக்கையாக, சாதாரணமாகப் பார்த்தார்.

"சர்வர்ல ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

இன்னும் ஒரு நாள் டைம் குடுங்க, முழுசா பார்த்துட்டுச் சொல்றேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் என் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் அத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தானுக்காகச் சாயுறா என்று பேர் வந்துவிடக் கூடாது என்கிற வீம்பு வேறு.

அத்தானை வெளி வேலையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். கேபிள் சுருளை எண்ணுகிற வேலை. இருபது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு காலையில் அடையாள அட்டையைக் கழற்றி மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூவைத் தேய்த்துத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து, வேறொரு பகுதிக்கு ரூல் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் என் கண்ணில் பட்டது. ஒரே மாடலில் இரண்டு வெர்ஷன் இருந்தது. வெளியே பார்த்தால் ஒரே டப்பா, ஒரே பேர். பழைய வெர்ஷனில் டெலிபோன் செட்டிங் உட்காருகிற இடம் வேறு. என் ரூல் மாடலை மட்டும் பார்த்தது, வெர்ஷனைப் பார்க்கவில்லை. பழைய மோடத்தை ரீசெட் செய்ததும் அது புதுசு மாதிரி சர்வரைத் தேடி வரும். சர்வர் மொத்த செட்டிங்கையும் அனுப்பும். மோடமும் வாங்கிக்கொள்ளும். அத்தான் கையால் போட்டுவிட்டு வந்த டெலிபோன் லைனை அது அழித்துவிடும். லாக்கில் எல்லாம் பச்சை. அந்தப் பழைய மோடங்களில் பெரும்பாலானவை இருந்தது அவர் பகுதியில். ஏனென்றால் கம்பெனி முதன்முதலில் இணைப்புக் கொடுத்தது அங்கேதான். கொடுத்தவரும் அவரேதான்.

டீச்சர் வீட்டு லாக்கைத் திறந்தேன். அத்தான் வேலை முடித்தது பதினொன்றே கால். சர்வர் செட்டிங் அனுப்பியது ஒன்று பத்து. அந்த இரண்டு மணி நேர இடைவெளி என் திரையில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

திருத்த வேண்டியது நாலே வரி. திருத்தினேன். பழைய மோடங்கள் எல்லாவற்றுக்கும் சரியான செட்டிங் போய்ச் சேர்ந்தது. புகார் நின்றது. மேனேஜர், "பார்த்தியா, ஆளை மாத்தினதுக்கு இப்பதான் பலன் தெரியுது" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அப்படியே பதினொரு நாள் ஓடியது. தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன். வீட்டுக்குப் போனால் அத்தான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார். நாளைக்கு என்று தள்ளுவேன். பன்னிரண்டாவது நாள் அக்கா துணி மடிக்கும்போது, "அவர் தூக்கத்துல, டெஸ்ட் பண்ணினேன் சார், டெஸ்ட் பண்ணினேன் சார்னு உளர்றார்டி" என்றாள். நேரே சமையலறைக்குப் போனேன். அத்தான் குக்கர் கைப்பிடியின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது, "பழைய வெர்ஷனா? பின்பக்கம் ஸ்டிக்கர் மஞ்சளா இருக்குமே, அதா?"

"ஆமா அத்தான்."

"அதானே பார்த்தேன்." ஒரு கணம் முகம் தெளிந்தது. விடை கிடைத்த பையன் மாதிரி. "அப்ப நான் போட்டது சரி."

"சரிதான் அத்தான்."

திருகாணியை இன்னும் இரண்டு சுற்று முறுக்கினார். "உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். "பதினொரு நாளாச்சு."

அவர் கை நின்றது. நான் தப்பு செய்ததைக் கேட்டபோது வராத ஒன்று அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது. கோபம் வந்திருந்தால் தேவலை. குக்கரை மேடையில் வைத்துவிட்டு, "அந்த டீச்சரம்மாகிட்டப் போய்ச் சொல்லிடு. எனக்கு அது போதும்" என்றார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். "முடிஞ்சதைக் கிளறி என்னம்மா பண்ணப் போற?" என்றார். மேலிடத்துக்கும் அனுப்பிவிட்டேன் என்றதும் முகம் மாறியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அத்தானுக்கு வருத்தம் தெரிவித்து, திரும்ப வரச்சொல்லி ஒரு கடிதம். அவர் அதைப் படித்து, மடித்து, அக்காவிடம் கொடுத்தார். அவ்வளவுதான். அடுத்த மாசம் ஒரு ஆஸ்பத்திரியில் வயரிங் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தார்.

டீச்சர் வீட்டுக்குப் போனபோது அவர் வாக்கரைப் பிடித்து நடந்துவந்து கதவைத் திறந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அப்புறம் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அவர் அன்னைக்கு போன் போட்டுக் குடுத்தாரும்மா. என் பொண்ணுகிட்ட பேசினேன். நல்லாக் கேட்டுச்சு."

"அப்ப ஆபீஸ்ல..."

"கேட்டாங்க. படுக்கையில கிடந்தேன், வலி. யார் மேலயாவது காட்டணும்போல இருந்துச்சு. ஞாபகம் இல்லைன்னுட்டேன்." தன் விரல்களையே பார்த்தார். "ஞாபகம் இருந்துச்சும்மா."

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என்னைத் திட்ட அவரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் அத்தான் நம்பரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். கூப்பிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தானிடம் கேட்கவும் இல்லை.

அந்த வருஷமே நான் ஆபீஸ் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போவேன். அத்தான் எனக்கு முதலில் பரிமாறச் சொல்வார். பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வார். ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்ற கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். என் வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். மோடம் என்கிற சொல்லே அந்த வீட்டில் இல்லாமல் போனது.

போன மாசம் காலையில் புகார் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வீட்டு எண் கண்ணில் பட்டது. இரண்டு நாளாக இன்டர்நெட் இல்லை. பதிவு செய்தவர் பெயர் இருக்கும் இடத்தில் அத்தான் பெயர். எல்லாரும் கூப்பிடுகிற பொது நம்பருக்குக் கூப்பிட்டு, வரிசையில் காத்திருந்து பதிந்திருக்கிறார். குறிப்பில் போனை எடுத்த பெண் எழுதியிருந்தாள்: வாடிக்கையாளர் இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தார், பொறுமையாகப் பேசினார்.

அக்காவைக் கூப்பிட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன்" என்றாள் அக்கா. "அவர்தான், அவளுக்கு எதுக்குச் சிரமம்னுட்டார்."

அவர்கள் மோடம் ஒரு செட்டிங்கில் சிக்கியிருந்தது. என் இடத்திலிருந்தே சரிசெய்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புகாரை மூடும்போது, யார் சரிசெய்தது என்று ஒரு கட்டம் கேட்டது. என் பெயரைப் போட்டேன். பிறகு அழித்துவிட்டு, சர்வர் பிரிவு என்று மட்டும் போட்டேன்.